ஈகிள்ஸ் அணியின் 13-ஆம் இடமும் அதற்கடுத்த இடமும்

பிலடெல்பியா ஈகிள்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் ரசிகர்களிடையே ஏப்ரல் மாதம் நெருங்கும்போதெல்லாம் ஒரே வழக்குதான் கிளம்புகிறது. கல்லூரி ஆட்டத்தை முடித்து வரும் தடுப்பாட்டக்காரர்களில் யாரை முதல் சுற்றில் எடுப்பது? பின்வரிசையில் நின்று பந்தை இடைமறிக்கும் சேஃப்டியையோ, மைதானத்தின் நடுவே பம்பரமாய்ச் சுழலும் லைன்பேக்கரையோ கேட்பவர்கள் ஒரு பக்கம். எதிரணியில் பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கைத் துரத்தி வீழ்த்தும் முன்வரிசைக்காரரைக் கேட்பவர்கள் மறுபக்கம். நான் பல ஆண்டுகளாக இந்த இரண்டாம் பக்கத்தில் நிற்கிறேன். ஏன் அங்கே நிற்கிறேன் என்பதை, இந்த அணியின் கதையையே சாட்சியாக வைத்துச் சற்று விரிவாக எழுதிவிட விரும்புகிறேன்.

அமெரிக்கக் கால்பந்தைத் தொடர்ந்து பார்க்காதவர்களுக்காகச் சில வரிகள். என்எஃப்எல் லீகில் 32 அணிகள் உள்ளன. முந்தைய பருவத்தில் மோசமாக ஆடிய அணி முதலில் தேர்ந்தெடுக்கும் என்ற வரிசையில், ஏழு சுற்றுகளில் கல்லூரி வீரர்களை எடுத்துக்கொள்வதுதான் டிராஃப்ட். இடங்களை அணிகள் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளலாம். புதிதாக வரும் வீரரின் சம்பளம் அவர் எத்தனையாவது ஆளாக எடுக்கப்பட்டார் என்பதைப் பொறுத்தே அமைகிறது. அவர் களத்தில் எந்த இடத்தில் ஆடுகிறார் என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. இந்தக் கடைசிச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

வழக்கின் வேர் 2010-இல் இருக்கிறது. அந்த ஆண்டு ஈகிள்ஸ் 24-ஆம் இடத்திலிருந்து 13-ஆம் இடத்துக்கு ஏறி, மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் பிராண்டன் கிரஹாமை எடுத்தது. அவர் எட்ஜ், அதாவது முன்வரிசையின் ஓரத்திலிருந்து பாய்பவர். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் சேஃப்டி எர்ல் தாமஸ் அப்போதும் எடுக்கப்படாமல் இருந்தார். பிலடெல்பியாவில் பலருடைய விருப்பமும் அவராகவே இருந்தது. அடுத்த 14-ஆம் இடத்தில் சியாட்டில் அவரைக் கொண்டுபோனது. அதற்கும் அடுத்த 15-ஆம் இடத்தில், நம்முடைய பிரிவிலேயே ஆடும் நியூயார்க் ஜயண்ட்ஸ் அணி ஜேசன் பியர்-பாலை எடுத்தது. கிரஹாமுக்கு முதல் ஆண்டிலேயே முழங்காலில் கடும் காயம். பியர்-பால் 2011-இல் 16.5 சாக் (பந்தை எறியும் முன்பே குவார்ட்டர்பேக்கை வீழ்த்துவது) எடுத்துத் தன் அணியோடு லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை வென்றார். தாமஸ் சியாட்டிலின் புகழ்பெற்ற பின்வரிசைக்குத் தூணாகி அவரும் ஒரு சூப்பர் பவுலை வென்றார். ஆக, இருபுறமும் அடி வாங்கிய தேர்வு அது. கிரஹாமின் பெயரை எடுத்தாலே முகம் சுளிக்கும் ரசிகர்கள் பல ஆண்டுகள் இருந்தார்கள். அவர்களுடைய கோபத்தில் நியாயம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன்.

இப்போது 2018 பிப்ரவரி 4-ஆம் தேதிக்கு வருவோம். நியூ இங்கிலாந்துக்கு எதிரான அந்தச் சூப்பர் பவுலில் எதிரணியின் குவார்ட்டர்பேக் டாம் பிரேடி 505 யார்டு தூரத்துக்குப் பந்தை எறிந்தார். நம் பின்வரிசை அவரை எங்குமே தடுத்து நிறுத்தவில்லை என்பதே உண்மை. ஆட்டம் முடிய இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக இருந்தது. ஈகிள்ஸ் 38-33 என்று முன்னிலையில் இருந்தாலும், பந்து பிரேடியின் கையில் இருந்ததால் அந்த ஐந்து புள்ளிகளை யாரும் பெரிதாக நம்பவில்லை. அந்த ஆட்டத்தில் கிரஹாம் தன் வழக்கமான ஓரத்தை விட்டு உள்ளே, குவார்ட்டர்பேக்கைக் காக்கும் கார்டுக்கு எதிரே நின்றார். எதிராளியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே போய்க் கையை நீட்டினார். எறிவதற்காகப் பிரேடி பின்னுக்கு இழுத்த பந்தில் அந்தக் கை பட்டது. பந்து தரையில் எழும்பி வந்து டெரெக் பார்னெட்டின் கையில் விழுந்தது. பார்னெட்டும் ஒரு எட்ஜ் தான். 2017-இல் முதல் சுற்றின் 14-ஆம் இடத்தில் எடுக்கப்பட்டவர். அந்த ஆட்டம் முழுவதிலும் இரு அணிகளுக்கும் சேர்த்து விழுந்த ஒரே சாக் அதுதான். ஈகிள்ஸ் 41-33 என்று வென்று தன் முதல் சூப்பர் பவுல் கோப்பையைத் தூக்கியது.

ஒரே ஓர் ஆட்ட நொடியை வைத்து எட்டு ஆண்டு விவாதத்தைத் தீர்த்துவிட முடியுமா என்று கேட்பவர்கள் உண்டு. முடியாது. ஆனால் அந்த நொடி ஒரு விஷயத்தை அப்பட்டமாகக் காட்டியது. பிரேடி போன்ற ஒருவர் முன்னால் நிற்கும்போது பின்வரிசை எவ்வளவுதான் ஓடினாலும் மூன்று நொடிக்கு மேல் தாக்குப்பிடிக்காது. அந்த மூன்று நொடியை இரண்டாகக் குறைப்பவர் முன்வரிசைக்காரர். பந்து பிடிக்க ஓடுபவரை ஒட்டிக் காவல் காக்கும் கார்னர்பேக்கின் வேலையை அவர் சுலபமாக்குகிறார்; கார்னர்பேக் அவருக்கு அதே உதவியைத் திருப்பிச் செய்வது அரிது.

2022-இல் வரலாறு அதே எண்களோடு திரும்பி வந்தது. ஈகிள்ஸ் 15-ஆம் இடத்திலிருந்து 13-ஆம் இடத்துக்கு ஏறி, ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் ஜோர்டன் டேவிஸை எடுத்தது. நாட்டர் டேமின் சேஃப்டி கைல் ஹாமில்டன் எடுக்கப்படாமல் இருந்தார். 14-ஆம் இடத்தில் பால்டிமோர் அவரை எடுத்துக்கொண்டது. டிராஃப்டுக்கு முந்தைய சோதனையில் 40 யார்டு ஓட்டத்தை ஹாமில்டன் 4.59 நொடியில் ஓடினார் என்பதற்காகவே அவரைப் பல அணிகள் கைவிட்டதாகப் பேசப்பட்டது. 341 பவுண்டு எடையுள்ள டேவிஸோ அதே தூரத்தை 4.78 நொடியில் கடந்து எல்லோரையும் வாயடைக்கச் செய்திருந்தார். அந்தச் சோதனை எண்களை வைத்துக்கொண்டு ஹாமில்டனைக் குறைத்து மதிப்பிட்டது பெரும் தவறு. ஓட்டத்தின் வேகத்தை நொடிக்கடிகாரம் அளக்கும். எறியப்படும் முன்பே பந்தின் திசையை உணரும் அறிவை அது அளக்காது. 2023-இல் ஹாமில்டன் முதல்நிலை ஆல்-ப்ரோ, அதாவது தன் இடத்தில் லீகின் தலைசிறந்தவர்களில் ஒருவர் எனத் தேர்வான வீரரானார்.

அப்படியானால் டேவிஸை எடுத்தது பிழையா? இந்த இடத்தில்தான் நண்பர்கள் பலரோடு நான் மாறுபடுகிறேன். முன்வரிசையின் நடுவில் டேவிஸ் ஆடும் நோஸ் டாக்கிள் என்ற இடம் புள்ளிவிவரப் பட்டியலில் தெரியாத இடம். அவருடைய முதல் மூன்று பருவங்களின் சாக் எண்ணிக்கை சொற்பம். அடுத்த முறை ஆட்டம் பார்க்கும்போது பந்தை விட்டுவிட்டு அவரை மட்டும் பாருங்கள். எதிரணியின் சென்டரும் கார்டும் இருவராகச் சேர்ந்துதான் அவரைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. அந்த இருவரில் ஒருவர் லைன்பேக்கரைத் தடுக்கப் போயிருக்க வேண்டியவர். அவர் டேவிஸிடம் மாட்டிக்கொண்டதால்தான் லைன்பேக்கர் தடையின்றி ஓடிவந்து, பந்தை ஏந்தி வருபவரைச் சாய்க்கிறார். பட்டியலில் லைன்பேக்கரின் பெயர் ஏறுகிறது. ஹாமில்டன் டேவிஸை விடச் சிறந்த ஆட்டக்காரர் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஈகிள்ஸ் அணிக்கு அப்போது தேவைப்பட்டது எது என்ற கேள்விக்கு என் விடை மாறவில்லை.

எதிர்த்தரப்பின் வலுவான சான்று 2023 பருவம். அதைத் தட்டிக்கழிப்பது நேர்மையாகாது. அதற்கு முந்தைய 2022 பருவத்தில் ஈகிள்ஸ் 70 சாக் எடுத்தது. ரெடிக், ஸ்வெட், கிரஹாம், ஹார்க்ரேவ் என நான்கு பேர் இரட்டை இலக்கத்தைத் தொட்டார்கள். ஒரே அணியில் அப்படி நால்வர் அமைந்தது அதுவே முதல்முறை. இருந்தும் சூப்பர் பவுலில் கான்சாஸ் சிட்டியின் குவார்ட்டர்பேக் மஹோம்ஸை ஒருமுறைகூடச் சாய்க்க முடியாமல் 38-35 என்று தோற்றோம். அடுத்த ஆண்டு 10 வெற்றி, ஒரு தோல்வி என்று தொடங்கிய அணி, பருவ முடிவின் நாக்அவுட் சுற்றான பிளேஆஃப் ஆட்டத்தையும் சேர்த்துக் கடைசி ஏழில் ஆறைத் தோற்றது. நடுவில் லைன்பேக்கர் இல்லை என்பது சிறு பிள்ளைக்கும் தெரிந்தது. டிசம்பரில் ஷக்கில் லியோனார்டை அழைத்து வந்தும் பயனில்லை. முன்வரிசைக்கே எல்லாவற்றையும் கொட்டினால் இதுதான் கதி என்று அன்று சொன்னவர்கள் சொன்னது முழுப் பொய்யல்ல. நடுவையும் பின்னையும் அடியோடு புறக்கணித்துவிட்டு முன்வரிசையால் மட்டும் காப்பாற்ற முடியாது.

ஆனால் அந்த ஓட்டையை அணி எப்படி அடைத்தது என்று பாருங்கள். 2024-இல் நியூ ஆர்லியன்ஸிலிருந்து சாக் பான் என்பவரை 35 லட்சம் டாலருக்கு ஓராண்டு ஒப்பந்தத்தில் எடுத்தது. கல்லூரியில் எட்ஜாக ஆடியவர், என்எஃப்எல்லில் நான்கு ஆண்டுகள் பெரிதாகக் கவனிக்கப்படாதவர். தடுப்பாட்டப் பயிற்சியாளர் விக் ஃபாஞ்சியோ அவரை நடு லைன்பேக்கராக்கினார். அந்தப் பருவமே அவர் முதல்நிலை ஆல்-ப்ரோ. அடுத்த ஆண்டு அவருக்குக் கிடைத்த ஒப்பந்தம் மூன்று ஆண்டுக்கு 5.1 கோடி டாலர். அதே மார்ச்சில் ஈகிள்ஸ் முன்வரிசையின் மில்டன் வில்லியம்ஸை நியூ இங்கிலாந்து அழைத்துக்கொண்டது. நான்கு ஆண்டுக்கு 10.4 கோடி டாலர். வில்லியம்ஸ் ஒருமுறைகூட ஆல்-ப்ரோ ஆனவர் அல்லர். ஆண்டுக் கணக்கில் பார்த்தால், தன் இடத்தில் லீகிலேயே தலைசிறந்தவராகத் தேர்வான லைன்பேக்கருக்கு 1.7 கோடி, நல்ல ஆனால் நட்சத்திரமாகாத டாக்கிளுக்கு 2.6 கோடி. சந்தையில் எது அரிது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. டிராஃப்டில் எடுத்தால் இருவருக்கும் ஒரே விலை என்று மேலே சொன்னேன் அல்லவா? வெளியே வாங்கப் போனால் விலை மிகுந்த பண்டத்தைத்தான் நிலைவிலைக் கடையில் முதலில் எடுக்க வேண்டும்.

ஈகிள்ஸ் நிர்வாகம் இதை வெகுகாலமாகவே அறிந்திருந்தது. 1979-இல் ஜெர்ரி ராபின்சனுக்குப் பிறகு 2025 வரை நடு லைன்பேக்கர் எவரையும் அந்த அணி முதல் சுற்றில் எடுக்கவில்லை. கார்னர்பேக்கிலும் 2002-இல் லிட்டோ ஷெப்பர்டுக்குப் பிறகு 2024-இல் குவின்யோன் மிட்செல் வரும்வரை அதே நிலைதான். மிட்செலை 22-ஆம் இடத்தில் எடுத்ததை நான் முழுமனதோடு வரவேற்றேன். முன்வரிசையே முதல் என்பவர் கார்னர்பேக்கை எப்படி வரவேற்கலாம் என்று கேட்டார்கள். டேவிஸும் ஜேலன் கார்ட்டரும் நோலன் ஸ்மித்தும் ஏற்கெனவே முதல் சுற்று வழியாக வந்து சேர்ந்திருந்தார்கள். அடித்தளம் இருந்தது. அதன்மேல் கார்னர்பேக்கை வைப்பது சரியான வரிசை. வரிசையை மாற்றினால்தான் தொல்லை.

அந்த வரிசையின் பலனை 2025 பிப்ரவரி 9-ஆம் தேதி உலகமே பார்த்தது. கான்சாஸ் சிட்டிக்கு எதிரான சூப்பர் பவுலில் ஃபாஞ்சியோ ஒருமுறைகூட பிளிட்ஸ், அதாவது கூடுதல் ஆட்களைப் பாய, அனுப்பவில்லை. நான்கு பேரை மட்டும் பாயவிட்டு, ஏழு பேரைப் பின்னால் நிறுத்தினார். அந்த நால்வரே மஹோம்ஸை ஆறுமுறை சாய்த்தார்கள். முதல் பாதியில் கான்சாஸ் சிட்டி எடுத்தது மொத்தம் 23 யார்டு. பின்வரிசையின் கூப்பர் டிஜீன் தன் 22-ஆம் பிறந்தநாளில் பந்தை இடைமறித்து ஓடி டச்டவுன் போட்டார். பானும் ஒரு பந்தைப் பறித்தார். இந்த இரண்டு இடைமறிப்புகளையும் பின்வரிசையின் வெற்றி என்று சொல்பவர்கள், பந்து மஹோம்ஸின் கையை விட்டுப் புறப்பட்ட அவசரத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும். முடிவு 40-22.

ஒரு மறுப்பு இங்கே எழும். அன்று இரண்டரை சாக் எடுத்த ஜாஷ் ஸ்வெட் 2018-இல் நான்காம் சுற்றில் வந்தவர். இரண்டு சாக் எடுத்த வில்லியம்ஸ் 2021-இல் மூன்றாம் சுற்றில் வந்தவர். முன்வரிசைக்காரர் பின்சுற்றுகளிலும் கிடைக்கிறாரே, முதல் சுற்றை ஏன் வீணாக்க வேண்டும்? நியாயமான கேள்விதான். 2014-இல் முதல் சுற்றில் எடுத்த மார்கஸ் ஸ்மித் மூன்று பருவங்களில் நான்கே சாக் எடுத்துவிட்டு வெளியேறியதையும் நான் மறக்கவில்லை. ஆனால் ஸ்வெட்டுக்கும் வில்லியம்ஸுக்கும் ஒற்றைக்கு ஒற்றை ஆட்டம் கிடைத்தது, எதிரணி தன் கவனத்தையெல்லாம் கார்ட்டர்மீது குவித்ததால்தான். கார்ட்டர் 2023-இல் 9-ஆம் இடத்தில் எடுக்கப்பட்டவர். இருவரைத் தன்னந்தனியாக இழுத்து வைத்துக்கொள்ளும் அப்படிப்பட்ட ஆள் நான்காம் சுற்றில் அடிக்கடி கிடைப்பதில்லை.

ஆகவேதான் 2025 டிராஃப்டில் எனக்கு மனக்குறை இருந்தது, இன்றும் இருக்கிறது. ஸ்வெட் அரிசோனாவுக்குப் போய்விட்டார், வில்லியம்ஸும் போய்விட்டார், கிரஹாம் ஓய்வை அறிவித்துவிட்டார். அந்த நிலையில் ஈகிள்ஸ் 31-ஆம் இடத்தில் அலபாமாவின் லைன்பேக்கர் ஜிஹாத் கேம்பலை எடுத்தது. கேம்பல் திறமைசாலி, நியூ ஜெர்சியில் வளர்ந்தவர், அவர்மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. முதல் சுற்றின் வால்பகுதி என்பதால் விலையும் பெரிதல்ல என்று வாதிடலாம். ஆயினும் பருவம் தொடங்கிய பிறகு என்ன நடந்தது? கடைசி நேரத்தில் அழைத்து வரப்பட்ட ஜதாரியஸ் ஸ்மித் சில வாரங்களிலேயே ஓய்வு பெற்றார். கிரஹாமை ஓய்விலிருந்து திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று. நவம்பரில் மயாமியிலிருந்து ஜேலன் ஃபிலிப்ஸைப் பெறுவதற்காக 2026-இன் மூன்றாம் சுற்று இடத்தைக் கொடுக்க நேர்ந்தது. ஏப்ரலில் எட்ஜை எடுக்காமல் விட்ட குறையை நவம்பரில் இன்னொரு டிராஃப்ட் இடத்தைக் கொடுத்து நிரப்பினோம்.

இனி வரும் டிராஃப்டுகளிலும், முதல் இரண்டு சுற்றுகளில் ஒன்றையாவது எட்ஜுக்கோ டாக்கிளுக்கோ ஒதுக்கிவிட்டு மிச்சத்தைப் பேசலாம் என்பதே என் நிலைப்பாடு. 14-ஆம் இடத்தில் இன்னொரு ஹாமில்டன் வேறு அணிக்குப் போனால் எனக்கும் வலிக்கத்தான் செய்யும். அப்போதும் 13-ஆம் இடத்தில் முன்வரிசைக்காரரையே எடுக்கச் சொல்வேன்.