ராஜாவை முதலில் உதறியவர்கள் ஏன் கடைசியில் சேர்ந்தார்கள்?

அமெரிக்க சுதந்திரம் என்றதும் நமக்கெல்லாம் 1776 ஜூலை 4தான். ஆனால் அதற்குச் சரியாக இரண்டு மாதம் முன்பே, மே 4 அன்று, ரோட் ஐலண்ட் சட்டசபை மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்கு இனி நாங்கள் கட்டுப்பட்டவர்கள் இல்லை என்று சட்டம் போட்டு, அரசாங்கப் பத்திரங்களிலிருந்து அவர் பெயரையும் எடுத்துவிட்டது. பதிமூன்று காலனிகளில் ஆகச் சின்னது அதுதான் (பெயரில்தான் தீவு, பெரும்பகுதி தரையோடு ஒட்டிய ஊர்). அதே ரோட் ஐலண்ட்தான் அமெரிக்காவின் புதிய அரசியல் சட்டத்தை ஏற்றதில் கடைசி. 1790 மே 29, பிரதிநிதிகள் ஓட்டு 34க்கு 32. இரண்டே ஓட்டு வித்தியாசம்!

அந்தக் காலத்திலேயே 'போக்கிரித் தீவு' என்று கேலி செய்தார்கள். வெறும் பிடிவாதம் என்று இன்றும் சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ராஜாவை உதறியதும் ஜனாதிபதி வாஷிங்டனைக் காக்க வைத்ததும் பெரிய அளவில் ஒரே காரணத்துக்காகத்தான்: எங்கள் துறைமுகத்தில் வெளியாள் வந்து கை நீட்டக் கூடாது.

கதை மொலாசஸில் (சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கரும்புப் பாகு) தொடங்குகிறது. மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து மொலாசஸ் வரும், ரோட் ஐலண்டின் துறைமுக ஊர்களான நியூபோர்ட்டிலும் பிராவிடன்ஸிலும் அதை ரம்மாகக் காய்ச்சுவார்கள். பிரிட்டன் 1764இல் மொலாசஸ் வரியைப் பாதியாகக் குறைத்தது. குறைத்ததற்கா கோபம் என்று கேட்கலாம். பழைய வரியை யார் கட்டினார்கள்? இந்த முறை நிஜமாகவே வசூலிக்கப் போகிறோம் என்றார்கள், அதுதான் வயிற்றெரிச்சல். 1772 ஜூனில் கடத்தலைப் பிடிக்க வந்த கேஸ்பி என்ற பிரிட்டிஷ் கப்பல் மணல்திட்டில் சிக்கிக்கொள்ள, ராத்திரியோடு ராத்திரியாகப் படகுகளில் போய் கேப்டனைச் சுட்டுக் காயப்படுத்தி, ஆட்களை இறக்கிவிட்டு, கப்பலைக் கொளுத்திவிட்டார்கள். ராஜா பரிசுத்தொகை அறிவித்து விசாரணைக் குழுவும் போட்டார். ஒருவரையும் தண்டிக்க முடியவில்லை.

அப்புறம் சுதந்திரப் போர், நியூபோர்ட் மூன்று வருடம் பிரிட்டிஷ் படையிடம். அதை விடுகிறேன். 1782இல், போர் முடியும் முன்பே, இறக்குமதிக்கு 5 சதவீத வரி போட காங்கிரஸ் (எல்லா மாநிலங்களுக்கும் பொதுவான மன்றம்) அனுமதி கேட்டபோது முடியாது என்று சொன்னது ரோட் ஐலண்ட். எல்லா மாநிலமும் ஒத்துக்கொண்டால்தான் செல்லும் என்பதால் திட்டமே முடங்கியது. 1787இல் அரசியல் சட்டம் எழுத பிலடெல்பியாவுக்கு ஒருவரைக்கூட அனுப்பவில்லை. இங்கே வியாபாரிகளை மட்டும் சொன்னால் தப்பு, கடனில் இருந்த விவசாயிகள் 1786இல் ஆட்சியைப் பிடித்துக் காகிதப் பணம் அச்சடித்திருந்தார்கள், புதிய சட்டம் வந்தால் அது நின்றுவிடும். 1788இல் ஊர் ஊராக ஓட்டு எடுத்தால், ஆதரவு 237, எதிர்ப்பு 2,700க்கு மேல் (ஆதரவாளர்கள் பலர் புறக்கணித்தார்கள் என்பதும் உண்மை).

பணிய வைத்ததும் துறைமுகம்தான். 1790 மே மாதம், ரோட் ஐலண்டோடு வியாபாரத்தையே நிறுத்தும் மசோதாவை செனட் நிறைவேற்றியது. சேராவிட்டால் நாங்கள் தனியாகப் போகிறோம் என்று பிராவிடன்ஸ் ஊர்க்காரர்களே மிரட்டினார்கள். அப்படித்தான் அந்த 34-32.

இவர்களை நான் முழுசாகக் கொண்டாடவும் மாட்டேன். அந்த ரம் ஆப்பிரிக்கக் கரைக்குப் போய் மனிதர்களாகத் திரும்பி வந்தது. வட அமெரிக்கக் காலனிகளில் அடிமை வியாபாரத்தில் முன்னணியில் நின்றது இதே ஊர். 1778இல் படைக்கு ஆள் போதாமல், பட்டாளத்தில் சேரும் அடிமைக்கு விடுதலை, எஜமானனுக்கு நஷ்டஈடு என்று சட்டம் போட்டார்கள். பலர் சேர்ந்து, அந்த ஆகஸ்டில் நடந்த சண்டையில் நின்று போராடவும் செய்தார்கள். ஆனால் எஜமானர்கள் கூச்சல் போட்டதில், சில மாதங்களிலேயே புதிதாகச் சேர்ப்பதை நிறுத்தியாயிற்று. 1784இல் இன்னொரு சட்டம்: மார்ச் 1க்குப் பிறகு பிறக்கும் குழந்தை அடிமை இல்லை. பெற்ற தாய் மட்டும் அடிமையாகவே இருப்பாள்.