பெயர்ப்பலகையில் மட்டும் மொன்ரிசோரி

மூன்றரை வயது மகளின் கொப்பியில் இரண்டு பக்கம் 'அ' எழுதிவரச் சொல்லி நேற்று அனுப்பியிருந்தார்கள். அ! சுழித்து, வளைத்து, குறுக்கே இழுத்து, பிறகு நேராக ஒரு கோடு. சின்னக் கைக்கு இதைவிடக் கஷ்டமான எழுத்தைத் தேடித்தான் பிடிக்க வேணும். மூன்றாவது வரியில் பென்சிலைக் கட்டிலுக்கு அடியில் எறிந்துவிட்டாள். எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. வந்த கோபமெல்லாம் அந்த முன்பள்ளி வாசலில் பெரிய எழுத்தில் 'மொன்ரிசோரி' என்று போட்டிருக்கிற பலகைமேல்தான்.

யாழ்ப்பாணத்தில் 'பிள்ளை மொன்ரிசோரிக்குப் போகுது' என்றால் தரம் ஒன்றுக்கு முதல் எங்கேயோ போகுது என்றுதான் அர்த்தம். நேசறி, பாலர் பாடசாலை, முன்பள்ளி எல்லாமே எங்களுக்கு ஒன்று. அந்தப் பெயரில் ஒரு மனுசி இருந்தார், அவருக்கென்று ஒரு முறை இருந்தது என்பதே மறந்துபோச்சு.

மரியா மொன்ரிசோரி 1870ல் இத்தாலியில் பிறந்தவர், படித்தது வைத்தியம். அதனாலோ என்னவோ, பாடம் சொல்லிக் கொடுக்க முதல் பிள்ளைகளைக் கவனித்துப் பார்த்தார். 1907ல் ரோம் நகரின் சான் லொரென்சோ என்ற ஏழைக் குடியிருப்பில், கூலிவேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளுக்காகத்தான் அவருடைய முதல் பள்ளி தொடங்கியது. இன்றைக்கு இதைக் காசுக்காரரின் சங்கதி என்று நினைக்கிறோம். 1939ல் சென்னை அடையாறுக்கு வந்தவர் யுத்தத்தால் 1946 வரை இந்தியாவிலேயே தங்க வேண்டியதாயிற்று, இடையில் 1944ல் இலங்கைக்கும் வந்து பயிற்சி கொடுத்தார். யுத்தத்தில் அகப்பட்டு ஊர் திரும்ப முடியாமல் இருப்பது என்னவென்று எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

சரி, அந்த முறையில் அப்படி என்ன இருக்கு? போன வருசம் தோழி ஒருத்தி படிப்பிக்கிற சின்ன முன்பள்ளியில் ஒரு காலைப்பொழுது முழுக்க மூலையில் கதிரை போட்டு இருந்து பார்த்தேன். மூன்று வயதும் ஐந்து வயதும் ஒரே அறையில். நாலு வயது மதிக்கக்கூடிய பொடியன் ஒருவன் பாயை விரித்து, நீளமான மரக்கட்டை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான். அதில் பத்துக் குழி, பத்துக்கும் பத்து உருளை, ஒவ்வொன்றின் தலையிலும் பிடிக்க ஒரு குமிழ். எல்லாவற்றையும் கழற்றிக் கலந்துவிட்டுத் திரும்பப் போடத் தொடங்கினான். கடைசியில் கையில் ஒரு உருளை, கட்டையில் ஒரு குழி, ஆனால் இறங்குதில்லை. அமத்திப் பார்த்தான். குத்திப் பார்த்தான். ரீச்சரைப் பார்த்தான், அவர் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார் (வேண்டுமென்றுதான் என்று பிறகு சொன்னார்). 'அது இல்லையடா தம்பி, பக்கத்தில இருக்கிறது' என்று என் தொண்டைவரை வந்துவிட்டது. அவன் எல்லாவற்றையும் இழுத்து வெளியில் போட்டு முதலில் இருந்து தொடங்கினான். நாலாவது தடவை சரிவந்தது. கைதட்டச் சொல்லி யாரையும் கூப்பிடவில்லை, பேசாமல் திரும்பவும் கழற்றத் தொடங்கினான்!

பிழை என்று அவனுக்குச் சொன்னது அந்த மரக்கட்டை, பெரியாக்கள் இல்லை. அதனால் அவனுக்கு வெட்கமும் இல்லை, அழுகையும் இல்லை. குமிழை மூன்று விரலால் பிடித்துத் தூக்கித் தூக்கி வைக்கிறபோது, பென்சிலைத் தொடாமலே பென்சில் பிடிக்கிற விரல்கள் பழகிவிடுகின்றன. எழுத்தும் அப்படித்தான். தச்சர் மரம் தேய்க்கப் பாவிக்கிற சொரசொரப்பான கடதாசியில் எழுத்தை வெட்டிப் பலகையில் ஒட்டியிருப்பார்கள், பிள்ளை இரண்டு விரலால் தடவிக்கொண்டே அந்த ஒலியைச் சொல்லும். கைக்கு முதலில் தெரியும், பிறகுதான் கொப்பி. நாங்களும் விஜயதசமிக்கு அரிசியில் விரலால்தான் எழுத்துத் தொடக்குகிறோம், ஆனால் ஐயர் பிடிக்கிற பிடியில் பிள்ளை கத்துகிற கத்தில் அது முடிந்துவிடும், அடுத்த நாள் பென்சில்.

வீட்டில் நான் செய்து பார்த்தது மிகச் சின்னது. இரண்டு சின்னச் சாடி, ஒன்றில் பருப்பு, ஒன்றில் இருந்து மற்றதுக்கு ஊற்றுவது. அவ்வளவுதான். இருபது நிமிசம் மகள் வாயைத் திறக்காமல் இருந்து ஊற்றினாள், ரி.வி. ஓடியும் திரும்பிப் பார்க்கவில்லை. கஷ்டம் அவளுக்கு இல்லை, என் அம்மாவுக்கு. கொஞ்சம் சிந்தினவுடனே 'கொண்டா குஞ்சு, அம்மம்மா ஊத்தித் தாறன்' என்று எழும்பி வந்துவிடுவா. சட்டைப் பொத்தான் என்றாலும் அதுதான், சோறு என்றாலும் அதுதான். பாசத்தில் செய்கிறா, குறை சொல்ல முடியாது, ஆனால் ஐந்து வயதுப் பிள்ளை செருப்புக் கொழுவத் தெரியாமல் காலை நீட்டிக்கொண்டு நிற்பதும் இந்தப் பாசத்தில்தான்.

எல்லாமே எனக்குச் சம்மதம் என்றில்லை. சின்னப் பிள்ளைகளுக்குக் கற்பனைக் கதை சொல்வதை மொன்ரிசோரி அம்மையார் பெரிதாக விரும்பவில்லை. காகமும் நரியும் கதைக்காத பிள்ளைப்பருவம் என்ன பருவம்? அதை நான் கேட்கப்போவதில்லை.

'விளையாடிக்கொண்டிருந்தால் தரம் ஒன்றில் பின்னுக்கு நிற்கும்' என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு தகவல். அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் இந்த முறைப் பாடசாலைக்குச் சீட்டுக் குலுக்கலில் இடம் கிடைத்த பிள்ளைகளையும் கிடைக்காத பிள்ளைகளையும் ஒப்பிட்ட ஆய்வொன்றை அஞ்சலின் லிலார்டும் இன்னொருவரும் 2006ல் வெளியிட்டார்கள். ஐந்து வயதில் வாசிப்பிலும் கணக்கிலும் முன்னுக்கு நின்றது இடம் கிடைத்த பிள்ளைகள். அதே லிலார்ட் 2012ல் வெளியிட்டதுதான் எனக்கு இன்னும் முக்கியம். முறையை அப்படியே கடைப்பிடித்த இடங்களில் பிள்ளைகள் கூட முன்னேறினார்கள், பயிற்சித்தாளும் வேறு சாமான்களும் கலந்த இடங்களில் அந்தளவுக்கு இல்லை. கலந்த இடத்திலேயே இப்படியென்றால், வெறும் பலகையும் கொப்பியும் உள்ள இடத்தைப் பற்றி என்ன சொல்ல.

ரீச்சர்மாரை ஏசி எழுதவில்லை. கிடைக்கிற சம்பளத்தில், அவ்வளவு பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு, 'இன்னும் எழுதப் பழக்கேல்லையோ' என்று வாசலில் வந்து நிற்கிற எங்களையும் சமாளிக்க வேணும். போன தவணை நானும் போய்க் கேட்டவள்தான்.

நாளைக்கு அந்த இரண்டு பக்கமும் எழுதாமல்தான் மகள் போவாள். ரீச்சர் கேட்டால் நான் வந்து பதில் சொல்கிறேன். பென்சில் இன்னும் கட்டிலுக்கு அடியில்தான் கிடக்கு.