பறக்கிறவனை நம்பினால் வாயை மூடிக்கொள்ள வேண்டுமா?

சூப்பர்ஹீரோ காமிக்ஸில் கதை ஓட்டையைக் கேள்வி கேட்கலாமா, அரசியல் இருக்கலாமா என்று நேற்று இணையத்தில் நடந்த கூத்தைப் பார்த்தவர்களுக்கு முன்கதை தேவையில்லை. பார்க்காதவர்கள் புண்ணியம் செய்தவர்கள், அப்படியே இருங்கள்.

"ரசிக்கத் தெரியாத ஜென்மம்" என்று திட்டியதெல்லாம் பழகிவிட்டது. (பழகவில்லை. இருக்கட்டும்.) எரிச்சல் எங்கே என்றால், ஒரே ஆள் ஒரே மாலையில் இரண்டு வாதம் வைத்தார். முதல் வாதம்: "ஒருத்தன் முதுகுல துணியைக் கட்டிக்கிட்டு பறக்கிறான், அதை நம்புறீங்க. கதையில இருக்கிற இந்த ஓட்டை மட்டும் உறுத்துதா?" ஒரு மணி நேரம் கழித்து இரண்டாவது: "சூப்பர்ஹீரோ போய் செனட்டரை மிரட்டுறதெல்லாம் நம்புற மாதிரியா இருக்கு? அரசியலைத் திணிக்கிறாங்க." இரண்டுக்கும் லைக். அதே ஆட்களின் லைக்.

ஆக, நான் எதையும் கேள்வி கேட்காமல் நம்ப வேண்டும். அவர் மட்டும் தனக்குப் பிடிக்காததை நம்பாமல் இருக்கலாம். நல்ல ஒப்பந்தம்.

சரி, செனட்டர் விஷயத்துக்கே வருவோம். ஆக்‌ஷன் காமிக்ஸ் என்ற அமெரிக்கப் பத்திரிகையின் முதல் இதழ், அட்டையில் ஜூன் 1938. ஜெர்ரி சீகல் எழுத, ஜோ ஷஸ்டர் வரைந்த சூப்பர்மேன் கதை அதில் 13 பக்கம். முதலில் ஒரு தகவல்: அந்த சூப்பர்மேன் பறக்கவே மாட்டான். தாவுவான். ஒரு தாவலில் எட்டில் ஒரு பங்கு மைல், அதாவது சுமார் 200 மீட்டர். இருபது மாடிக் கட்டடத்தைத் தாண்டுவான். வெடிக்கும் பீரங்கிக் குண்டுக்குக் குறைந்த எதுவும் அவன் தோலைத் துளைக்காது. இந்தக் கணக்கெல்லாம் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. அதோடு விடவில்லை. எறும்பு தன் எடையைப் போல நூற்றுக்கணக்கான மடங்கு சுமக்கிறது, வெட்டுக்கிளி தாவும் தூரத்தை மனித அளவுக்குக் கணக்கிட்டால் பல தெருக்கள் வரும் என்று அதே பக்கத்தில் 'விஞ்ஞான விளக்கம்' வேறு. விளக்கம் தேறுமா தேறாதா என்பது இரண்டாம் பட்சம். வாசகன் சும்மா நம்பிவிடுவான் என்று அவர்கள் நினைக்கவில்லை, அதைக் கவனியுங்கள்.

அந்த 13 பக்கத்தில் அவன் என்ன செய்கிறான்? வேற்றுக்கிரகப் படையெடுப்பா? நிரபராதிப் பெண் ஒருத்தியின் மரண தண்டனையை நிறுத்த நள்ளிரவில் கவர்னர் வீட்டுக் கதவைப் பெயர்த்துக்கொண்டு போகிறான். மனைவியை அடிக்கும் ஒருவனைச் சுவரில் தூக்கி எறிகிறான். கடைசியில் வாஷிங்டன் போய் ஒரு செனட்டரையும் அவருக்குப் பின்னால் நிற்கும் தரகரையும் ஒட்டுக் கேட்கிறான். நாட்டை ஐரோப்பியச் சிக்கலில் மாட்டிவிடும் ஒரு மசோதா பற்றிய பேரம் அது. தரகரைத் தூக்கிக்கொண்டு டெலிபோன் கம்பி மேல் ஓடுகிறான். தரகர் அலறுகிறார். இவன் நிதானமாகச் சொல்கிறான்: பறவைகள் கம்பியில் உட்கார்ந்தால் ஒன்றும் ஆவதில்லை, கம்பத்தைத் தொட்டால்தான் மின்சாரம் தரைக்கு இறங்கும். சொல்லிக்கொண்டே ஒரு கம்பத்தை உரசுகிற மாதிரி போகிறான்.

எனக்குத் தெரிந்து இந்த வகைக் கதைகளின் மொத்த இலக்கணமும் அந்த ஒரு காட்சியில் இருக்கிறது. சாத்தியமே இல்லாத ஆள், சரியான மின்சாரப் பாடம், நிஜமான லஞ்சம். மூன்றில் எதை உருவினாலும் காட்சி விழுந்துவிடும். இதில் யார் எதை எப்போது வந்து திணித்தார்கள்? அடுத்த இதழில் போரை மூட்டிவிடும் ஆயுத வியாபாரி. அதற்கடுத்த இதழில் பாதுகாப்பில்லாத சுரங்கத்தின் முதலாளி, தன் விருந்தாளிகளோடு தன் சுரங்கத்திலேயே மாட்டிக்கொள்கிறார். எட்டாவது இதழில் குடிசைப் பகுதியை இடித்துத் தள்ளுகிறான், அப்போதாவது அரசு நல்ல வீடு கட்டித் தரும் என்று. (அது எவ்வளவு மோசமான யோசனை என்பதற்குத் தனிப் பதிவு வேண்டும்.)

இப்போது 'நம்புவது' என்ற சொல்லுக்கு வருவோம். அந்த இரண்டு வாத நண்பர் ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜின் பெயரையும் இழுத்தார். கதை படிக்கும்போது அவநம்பிக்கையை மனமுவந்து ஒதுக்கி வைப்பது, கோல்ரிட்ஜ் 1817இல் எழுதியது, எல்லாம் சரி. அந்த வாக்கியத்தின் முன்பாதியையும் படித்திருக்கலாம். கற்பனை நிழல்களுக்கு மனித அக்கறையையும் மெய்யின் சாயலையும் எழுதுகிறவன் ஏற்றிக் கொடுக்க வேண்டும், அது போதுமான அளவு இருந்தால்தான் வாசகன் ஒதுக்கி வைப்பான் என்கிறது அது. வேலை எழுத்தாளனுக்கு. வாசகன் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை.

அவ்வளவு தூரம் போவானேன்? "நாடக வழக்கினும் உலகியல் வழக்கினும் பாடல் சான்ற புலனெறி வழக்கம்" என்று தொல்காப்பியம் அகத்திணையியலில் சொல்லிவிட்டுப் போய்விட்டது. புனைவும் உலக நடப்பும் சேர்ந்ததுதான் பாட்டு என்று பொருள். அது அகப்பாடலுக்குச் சொன்னது என்று யாராவது ஓடி வருவார்கள், தெரியும். இருந்தாலும் பங்கு பிரிக்க இதைவிட நல்ல கத்தி இல்லை. தாவுவது, கண்ணிலிருந்து கதிர் பாய்வது எல்லாம் நாடக வழக்கு. அதற்கு நாம் சீட்டு வாங்கிவிட்டோம். அந்த ஆளைப் பார்த்து போலீஸ் என்ன செய்யும், பத்திரிகை என்ன எழுதும், பணக்காரன் எப்படி வளைக்கப் பார்ப்பான் என்பது உலகியல் வழக்கு. அதற்குச் சீட்டு கிடையாது, அது சரியாக இருந்தே ஆக வேண்டும். அரசியல் என்பது இந்த இரண்டாவது பாதியின் இன்னொரு பெயர்.

சும்மா சொல்லவில்லை. வாசகர்கள் எங்கே முகம் சுளித்தார்கள் என்று பாருங்கள். 1988-89இல் வந்த பேட்மேன் தொடர்கதை, அவன் கூட்டாளி ராபின் செத்துப்போவது. அதன் முடிவில் வில்லன் ஜோக்கர் ஐநா சபைக்கு ஈரானின் தூதராக வருகிறான், நியமிப்பவர் சாட்சாத் அந்நாட்டின் தலைவர் கொமேனி. வௌவால் உடையில் ஊர் சுற்றும் கோடீஸ்வரனைப் பொறுத்துக்கொண்ட வாசகர்கள் அங்கே நொறுங்கினார்கள். இன்றுவரை கேலி செய்கிறார்கள். எந்த அரசு, எந்தக் கணக்கில், பச்சை முடிக் கொலைகாரனுக்குத் தூதர் பதவி கொடுக்கும்? அரசியல் அதிகமானதால் வந்த கோளாறு இல்லை இது. அரசியலைச் சோம்பேறித்தனமாக எழுதியதால் வந்தது. ஆனால் வில்லன் டாக்டர் டூம் லாட்வீரியா என்ற நாட்டின் தலைவன், அவனைப் பிடித்தாலும் சிறையில் தள்ள முடியாது என்று எழுதும்போது யாரும் சிரிப்பதில்லை. லாட்வீரியா கற்பனை நாடு. அயல்நாட்டுத் தலைவர்களையும் தூதர்களையும் கைது செய்ய விடாத சட்டப் பாதுகாப்பு நிஜம்.

அதே டூம், 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் வந்த கறுப்பு அட்டை ஸ்பைடர்மேன் இதழில், இடிபாடுகளைப் பார்த்துக் கண்ணீர் விடுகிறான். கதாசிரியரின் துக்கம் நிஜம், அதில் சந்தேகமில்லை. ஆனால் நியூயார்க்கைப் பலமுறை தாக்கியவன் அவன். மக்கள் ஸ்பைடர்மேனைப் பார்த்து, நீங்கள் எல்லாம் எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்கும் கட்டமும் அதே இதழில் உண்டு. அதற்குப் பதில் கிடையாது, இருக்கவும் முடியாது. நிஜத்தின் பாரத்தை அந்த உலகத்தின் விதிகளால் தாங்க முடியவில்லை. இப்படித் தோற்றதைச் சுட்டிக்காட்டுவதுதான் விமர்சனம். "அதான் பறக்கிறதையே நம்புறீங்களே" என்பதற்குப் பெயர் விமர்சனம் இல்லை.

இன்னொன்றையும் என் தரப்புக்கு எதிராக நானே தருகிறேன், வைத்துக்கொள்ளுங்கள். வேற்றுக்கிரகங்களுக்கும் காவல் போகும் நாயகன் கிரீன் லேன்டர்னின் 76ஆவது இதழ், ஏப்ரல் 1970. எழுத்து டென்னிஸ் ஓநீல், ஓவியம் நீல் ஆடம்ஸ். ஒரு கறுப்பின முதியவர் கேட்கிறார்: நீலத் தோல்காரர்களுக்கு உழைத்தாய், ஆரஞ்சுத் தோலுக்கு உதவினாய், ஊதாத் தோலுக்கும் செய்தாய், கறுப்புத் தோலை மட்டும் ஏன் கண்டுகொள்ளவில்லை? நாயகன் தலைகுனிகிறான். கொண்டாடப்பட்ட பக்கம். அதில் இடறல் உண்டு. இந்த ஆள் மொத்த பூமியையும் பலமுறை காப்பாற்றியவன், அந்த முதியவர் உட்பட. அதைச் சொல்லாமல் தலைகுனிவது அவனுக்காக எழுதப்பட்ட தலைகுனிவு. ஆனால் அதற்கு முன் பக்கங்களைப் பாருங்கள். தாக்கப்பட்ட ஒரு பணக்காரனைக் காப்பாற்றுகிறான், பாராட்டுக்குப் பதில் தெரு மக்கள் டப்பாக்களை எறிகிறார்கள், பிறகுதான் தெரிகிறது, அவன் அந்தக் குடியிருப்பைச் சிதைய விட்ட வீட்டுக்காரன். சட்டப்படி சரியான செயல், தப்பான பக்கம். அங்கே ஒரு இடறலும் இல்லை. ஒரே இதழ், ஒரே அரசியல். ஒரு இடத்தில் சம்பவம் பேசுகிறது, இன்னொரு இடத்தில் வசனம் எழுதும் பலூன் பேசுகிறது.

பலூன் என்றதும் நினைவு வருகிறது. 'திணிப்பு' என்று பலருக்குத் தோன்றுவதில் பாதி, பக்க அமைப்பின் கோளாறு. பழைய எடிட்டர்களின் கைக்கணக்கு ஒன்று உண்டு: ஒரு பலூனுக்கு 25 சொல், ஒரு கட்டத்துக்கு 35 சொல், பக்கத்துக்கு ஆறு கட்டம் என்றால் 210 சொல். அதற்கு மேல் போனால் எழுத்து ஓவியத்தை மூடும். கட்டங்களுக்கு நடுவில் இருக்கும் வெள்ளை இடைவெளியில் வாசகன் அசைவைத் தானே நிரப்பிக்கொள்கிறான், நம்பிக்கை பிறக்கும் இடம் அது. எண்பது சொல் சொற்பொழிவை ஒரு கட்டத்தில் கொட்டினால், குத்து வாங்கவேண்டிய ஆள் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா நிற்க வேண்டியிருக்கும். பட்டென்று கனவு கலைந்துவிடும். அந்தச் சொற்பொழிவு நிறவெறி பற்றியா, அணு உலை இயங்கும் விதம் பற்றியா என்பது பொருட்டே இல்லை. ஆனால் அணு உலைப் பிரசங்கத்தை யாரும் "திணிப்பு" என்று சொல்வதில்லை, கவனித்திருக்கிறீர்களா?

"குழந்தைங்க புத்தகம் சார், அரசியல் வேண்டாம்." இதற்கு மட்டும் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன். அரசியல் இல்லாத காமிக்ஸ் என்று ஒன்றை விதி போட்டே செய்து பார்த்தார்கள். 1954, காமிக்ஸ் கோட், அமெரிக்கப் பதிப்பாளர்கள் தாங்களே அமைத்துக்கொண்ட தணிக்கை. போலீஸ், நீதிபதி, அரசு அதிகாரி ஆகியோர் மீது மரியாதை குறையும்படி வரையக் கூடாது என்று விதி. இது அரசியல் இல்லையாம்! அதே கோட் அலுவலகம், விண்வெளி வீரர் கறுப்பினத்தவர் என்று கடைசிக் கட்டத்தில் தெரியவரும் ஒரு சிறுகதையின் மறுபதிப்பை 1956இல் தடுக்கப் பார்த்தது. அவர் முகத்து வியர்வைத் துளிகள் வரை பிரச்சினையானது. பதிப்பாளர் சண்டை போட்டு அப்படியே வெளியிட்டார். 1971இல் போதைப்பொருளின் கேட்டைச் சொன்ன ஸ்பைடர்மேன் கதைக்கும் கோட் முத்திரை மறுக்கப்பட்டது. அந்தக் கதையைக் கேட்டதே அமெரிக்க அரசின் சுகாதாரத் துறை. முத்திரை இல்லாமல் மூன்று இதழ்கள் வந்தன, கடைகள் விற்றன, அதே ஆண்டு விதியைத் தளர்த்தினார்கள்.

"இடதுசாரிங்க புகுந்து கெடுத்துட்டாங்க." ஸ்பைடர்மேனை உருவாக்கியவர்களில் ஒருவரான ஸ்டீவ் டிட்கோ, 1967இல் மிஸ்டர் ஏ என்று ஒரு பாத்திரத்தைப் படைத்தார். கறுப்பு, வெள்ளை, நடுவில் சாம்பல் கிடையாது என்று அடித்துப் பேசும் வலதுசாரிப் பாத்திரம். எந்த இடதுசாரி புகுந்தார்? அடுத்தது.

"அப்படின்னா அந்தக் கதை உலகத்துல இவ்வளவு விஞ்ஞானிகள் இருந்தும் புற்றுநோய்க்கு மருந்து ஏன் இல்ல?" இது நல்ல கேள்வி, நேற்றைய கும்பலில் ஒரே ஒருவர் கேட்டார், அவருக்கு நன்றி. அந்த உலகம் வாசகனின் ஜன்னலுக்கு வெளியே தெரிகிற உலகம் மாதிரியே இருக்க வேண்டும் என்பது பெரிய பதிப்பகங்களின் வியாபாரத் தேவை. அதனால் எந்தக் கண்டுபிடிப்பும் தெருவுக்கு வராது. உலகத்தை மாற்ற நினைப்பவன் வில்லன், அப்படியே காப்பவன் நாயகன் என்று கதை தானாகச் சாய்ந்துவிடும். யாரும் திட்டமிடாமலே அது ஒரு அரசியல். 1982இல் மார்வெல் பதிப்பகத்தின் நாயகன் கேப்டன் மார்வெல் புற்றுநோயில் சாகும் கதையில், அவன் நண்பன் ரிக் ஜோன்ஸ் இதே கேள்வியைத்தான் கத்திக் கேட்கிறான்: இவ்வளவு மூளை இருந்தும் இதற்கு முன்னால் ஏன் முயலவில்லை? கதாசிரியர், கேப்டன் மார்வெலின் கையிலிருக்கும் சக்தி வளையங்களே சிகிச்சையைத் தடுக்கின்றன என்று ஒரு காரணம் வைத்தார். காரணம் சுமார்தான். ஆனாலும் கேள்வியை வாசகனுக்கு முன்னால் அவரே கேட்டுவிட்டார். வாட்ச்மென் என்ற காமிக்ஸ் இன்னும் துணிந்தது: சக்தி உள்ளவன் ஒருவன் நிஜமாகவே இருந்தால் வியட்நாம் போர் இரண்டு மாதத்தில் முடியும், தெருவில் மின்சாரக் கார் ஓடும், அதிபர் நிக்சன் 1985இலும் நாற்காலியை விடமாட்டார். இதை எல்லாரும் ஆகா ஓகோ என்றார்கள். அது அரசியல் என்று அப்போது கண்ணுக்குத் தெரியவில்லை போலிருக்கிறது.

எதை நம்ப முடியவில்லை என்று இவர்கள் சொல்கிறார்களோ, அது எப்போதும் ஒரே திசையில் இருப்பதுதான் என் வயிற்றெரிச்சல். 2011இல் மைல்ஸ் மொராலஸ் என்ற புதிய ஸ்பைடர்மேன் வந்தான். கறுப்பின அப்பா, போர்ட்டோரிக்கோ அம்மா. சிலந்தி கடித்தால் சுவரில் ஏறலாம் என்பதில் 1962 முதல் ஒருவருக்கும் சந்தேகம் வந்ததில்லை. கடிபட்டவன் பெயர் மாறியதும் "இயல்பா இல்லையே" என்றார்கள். புரூக்ளினில் அப்படி ஒரு பையன் இருப்பது இயல்பாக இல்லையாம். சுவரில் ஏறுவது இயல்பாம். முஸ்லிம் நாயகி கமலா கானுக்கும் இதே பாட்டு. கதை சுமாராக இருந்தால் சுமார் என்று சொல்லுங்கள், நானும் சேர்ந்து திட்டுகிறேன். அந்த வரிசையில் படு மட்டமான இதழ்களும் உண்டு. ஆனால் நீங்கள் இதழைப் படிக்கவில்லை, அட்டையைப் பார்த்தீர்கள்.

இதைச் சொன்னதற்குத்தான் ரசிக்கத் தெரியாதவன் பட்டம். ஒரு கட்டத்தில் எத்தனை சொல் என்று எண்ணிப் பார்க்கிற அளவுக்கு இதை நேசிக்கிறவனைப் பார்த்து.

கருத்துப் பெட்டி திறந்தே இருக்கிறது. கிரீன் லேன்டர்ன் 76 பற்றி நான் சொன்னது தப்பு என்று நினைப்பவர்கள் பக்கத்தோடு வாருங்கள், பேசுவோம். "பறக்கிறதையே நம்புறீங்க" என்று ஆரம்பிப்பவர்களுக்குப் பதில் கிடையாது. அவன் அப்போது பறக்கவில்லை என்று மேலே எழுதியிருக்கிறேன், அதையாவது படித்துவிட்டு வாருங்கள்.