லிவிங்ஸ்டன் டச்சுக்காரர் அல்லர்
அமெரிக்காவின் நியூயார்க் குடியேற்றப் பகுதியில் 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ராபர்ட் லிவிங்ஸ்டனை ‘ஆல்பனியில் குடியேறிய டச்சு எழுத்தர்’ என்று ஒருவர் குறிப்பிட்டிருப்பது, புரிந்துகொள்ளக்கூடியதே எனினும், பிழையான தகவல். அவர் 1654இல் ஸ்காட்லாந்தின் ஆங்க்ரம் ஊரில் பிறந்தவர். பிரெஸ்பிட்டேரியன் (புராட்டஸ்டன்ட் கிறித்தவப் பிரிவு) போதகரான தந்தை 1663இல் நாடு கடத்தப்பட்டதால், குடும்பத்தோடு நெதர்லாந்தின் ராட்டர்டாமில் வளர்ந்து டச்சு மொழியைத் தாய்மொழிபோலக் கற்றார். அதுவரை டச்சுக்காரர் வசமிருந்த ஆல்பனி பகுதியில் 1664இல் ஆங்கிலேயர் ஆட்சியைப் பிடித்ததும் டச்சு மொழி மறைந்துவிட்டது என்று எண்ணுவதும் சரியன்று. ஆல்பனி நகர மக்களின் அன்றாடப் பேச்சும் நீதிமன்ற வழக்குகளும் அதற்குப் பின்னும் பல்லாண்டுகள் டச்சிலேயே நடந்தன. ஆங்கில ஆளுநருக்கும் டச்சு வணிகருக்கும் இடையே இரு மொழிகளிலும் எழுத வல்ல ஆள் தேவைப்பட்டதால்தான், 1674இல் அங்கு வந்த லிவிங்ஸ்டனுக்கு மறு ஆண்டே நகர எழுத்தர் பதவி கிடைத்தது. 1679இல் அவர் மணந்த அலீடா ஸ்கைலர் அவருக்கு எழுதிய கடிதங்களும் டச்சில்தான் உள்ளன.