கிட் கேட்ட அந்த இரண்டு தாள்கள்

பதினேழாம் நூற்றாண்டுக் கப்பல் தலைவரான கேப்டன் கிட்டை வெறும் கடற்கொள்ளைக்காரன் என்று, அவரைப் பற்றி நான் படித்த கட்டுரை ஒரே வரியில் முடித்துவிட்டது. அதை ஏற்க முடியவில்லை. 1698 ஜனவரியில் மலபார் கடலில் அவர் பிடித்த ‘குவேடா மெர்ச்சன்ட்’ கப்பலில் இருந்தது ஆர்மீனிய வணிகர்களின் சரக்கு. ஆனால் கப்பலிடம் பிரெஞ்சு அனுமதிச் சீட்டு, அதாவது அது பிரெஞ்சுப் பாதுகாப்பில் செல்கிறது என்று காட்டும் தாள், இருந்தது. பிரெஞ்சுக் கப்பல்களைப் பிடிக்க இங்கிலாந்தின் மூன்றாம் வில்லியம் அரசரே கிட்டுக்கு ஆணை தந்திருந்தார். அப்படியென்றால் அந்தச் சீட்டுதானே வழக்கின் உயிர்நாடி!

1701இல் லண்டனில் விசாரணை நடந்தபோது, அந்தச் சீட்டையும் இன்னொரு கப்பலில் எடுத்த சீட்டையும் கொண்டுவரும்படி கிட் மன்றாடினார். கடைசிவரை அவை நீதிமன்றத்துக்கு வரவே இல்லை. மே 23 அன்று தூக்கு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதே லண்டனில், அரசு ஆவணக் காப்பகத்திலேயே அவை கிடைத்தன.

அவர் குற்றமற்றவர் என்று நான் வாதிடவில்லை. பிடித்த கப்பலைக் கடற்படை நீதிமன்றத்தின் முன் நிறுத்தித் தீர்ப்பு வாங்கியிருக்க வேண்டும்; அவரோ சரக்கில் ஒரு பகுதியைக் கரையிலேயே விற்றுவிட்டார். கப்பல் பறிபோனதால் சூரத்தில் எழுந்த முகலாய அதிகாரிகளின் கோபத்தைத் தணிக்க, கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் ஒரு தண்டனை தேவைப்பட்டது. இருந்தாலும், உயிர் போகும் வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர் கேட்ட ஆவணத்தைக் காட்டாமல் தீர்ப்பெழுதியது பெரிய அநீதி. கட்டுரையில் இதையும் சேர்க்க வேண்டும்.