அது ‘வெறும் கிழங்கு’ இல்லை

நேற்று நம் குழுவில் அந்தத் தட்டுப் படத்தைப் போட்டுச் சிரித்ததை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அவித்த உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், ஒரு துண்டு பன்றி இறைச்சி. "அயர்லாந்துக்காரனுக்குச் சாப்பிடவே தெரியாது"ன்னு கீழே வரிசையாக எழுதியிருந்தார்கள். எனக்கு ராத்திரி தூக்கமே வரவில்லை.

அது வெறும் கிழங்கு இல்லைங்க. 1845இல் கிழங்குப் பயிர் அழுகிப் பஞ்சம் வருவதற்கு முன்னால், அயர்லாந்தில் கூலி வேலை செய்த ஆள் ஒரு நாளைக்கு 5 கிலோவுக்கு மேல் கிழங்குதான் தின்றான். ருசி தெரியாமல் இல்லை. விளைந்த தானியம், கடைந்த வெண்ணெய், வளர்த்த பன்றி எல்லாம் நிலக்காரனுக்குக் குத்தகை கட்டவே போய்விடும். வீட்டுக்கு மிஞ்சியது கிழங்கும் மோரும். வெந்த கிழங்கைக் கூடையில் கொட்டி நீரை வடியவிட்டு, அந்தக் கூடையைப் பானைமேலேயே வைத்து, குடும்பமே சுற்றி உட்கார்ந்து உப்பைத் தொட்டுக்கொண்டு சாப்பிடும். உத்தரத்தில் தொங்கும் ஒரே உப்புமீனை நோக்கிக் கிழங்கைக் காட்டிவிட்டு வாயில் போடுவதற்கு ‘பொட்டேட்டோஸ் அண்ட் பாயிண்ட்’ (கிழங்கும் சுட்டிக்காட்டலும்) என்று ஒரு பேரே உண்டு. இதையா கேலி செய்வீர்கள்?

அயர்லாந்தில் மேயோ பக்கம் முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தபோது, நான் மோர் குடிப்பதைப் பார்த்து ஒரு பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் அம்மா ஈஸ்ட் இல்லாமல் மோரும் ஆப்பசோடாவும் போட்டு ரொட்டிக்கு மாவு பிசைவாராம். இரும்புச் சட்டியில் வைத்து, மூடிமேல் தணலை அள்ளிப் போடுவாராம். நாம் பிரியாணிக்குத் தம் போடுகிறோமே, அதேதான். பன்றி அடித்த அன்று அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் பங்கு போகுமாம். சொல்லும்போது அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

"காரம் இல்லையே" என்பீர்கள். இல்லைதான், அதனால் என்ன?

"வெள்ளைக்காரனுக்கு ஏன் வக்காலத்து" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். யாருக்கு வக்காலத்து? கிழங்கு அழுகிப்போன அந்தச் சில வருஷத்தில் ஏறக்குறைய 10 லட்சம் பேர் செத்தார்கள். அப்போதும் துறைமுகத்திலிருந்து தானியம் இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. 1876இல் நம் தாது வருஷப் பஞ்சத்திலும், அயர்லாந்தை ஆண்ட இதே பிரிட்டிஷ் ஆட்சிதானே, இதே கப்பல்தானே? பள்ளியில் என் தூக்குவாளியில் இருந்த கேழ்வரகுக் கூழைப் பார்த்துச் சிரித்தவர்களும் "சும்மா விளையாட்டுக்கு"ன்னுதான் சொன்னார்கள். எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

அந்தப் பாட்டி ஒரு நாளும் தட்டில் ஒரு துண்டு கிழங்கைக்கூட மிச்சம் வைத்ததில்லை. தயவுசெய்து அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள்.