தூக்கிப் போட்டது வாசலுக்கே திரும்பி வந்தால்?

என் மேசை இழுப்பறையில் மூன்று பழைய போன்கள் கிடக்கின்றன. அதில் ஒன்றின் பேட்டரி உப்பி, பின்மூடியை நெம்பிக்கொண்டு நிற்கிறது. குப்பையில் போட மனசு வரவில்லை, மறுசுழற்சிக்குக் கொண்டுபோய்க் கொடுக்கவும் சோம்பல். போன வாரம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தபோது ஒரு கதை தோன்றியது.

கதையில் ஒரே ஒரு விதிதான் மாறுகிறது. நாம் தூக்கிப் போட்ட மின்சாதனம் எதுவானாலும் ஏழாம் நாள் காலையில் நம் வாசலுக்கே திரும்பி வந்துவிடும். மற்றபடி இதே உலகம்தான். பறக்கும் கார் எல்லாம் கிடையாது.

எழுத ஆரம்பித்தபோது சிரிப்பாகத்தான் இருந்தது. செத்துப்போன சார்ஜர், ஒரு காது மட்டும் கேட்கும் இயர்போன், எதற்கு வாங்கினோம் என்றே மறந்துபோன ரிமோட். அப்புறம் வாசல் நிறைந்து, கதவைத் திறக்க முடியாமல் போனது. அப்போதுதான் விதியைக் கொஞ்சம் திருப்பினேன்: வாங்கியவர் வாசலுக்கு ஏன் போக வேண்டும், செய்தவர் வாசலுக்குப் போகட்டுமே! உடனே கதைக்குள் ஒரு பொறியாளர் வந்துவிட்டார். பேட்டரியைப் பசை போட்டு ஒட்டலாமா, திருகாணி போட்டு முடுக்கலாமா என்று அவர் தலையைச் சொறிகிறார். ஒட்டினால், நாளைக்குச் சூடு காட்டிப் பிரிக்க வேண்டியவரும் அவரேதான்.

2022இல் உலகம் முழுக்கச் சேர்ந்த மின்கழிவு 6 கோடியே 20 லட்சம் டன். முறையாகத் திரட்டி மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 சதவீதம். இந்தக் கணக்கைப் பலமுறை படித்திருக்கிறேன். ஒருமுறைகூட அது என்னை இழுப்பறையைத் திறக்க வைத்ததில்லை.

அறிவியல் புனைகதைகள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் உண்டு. மின்கழிவு என்றதும் ஒரு குப்பை மலை, கறுத்த வானம், நாயகன் நடந்து போக ஒரு பின்னணி. கானாவின் அக்ராவில் மின்கழிவு வந்து குவிந்த அக்போக்புளோஷி என்ற இடத்தில், உள்ளே இருக்கும் செம்புக்காகக் கேபிளை எரித்த இளைஞர்கள் அந்தப் புகையைச் சுவாசித்தார்கள். பழுது பார்த்து விற்றவர்களும் அங்கேயே இருந்தார்கள். 2021இல் அந்த இடத்தை இடித்துத் தள்ளினார்கள். எதிர்காலம் என்று நாம் எழுதுவது அவர்களுக்கு நேற்று முடிந்த வேலை. கதைக்குள் அவர்கள் வந்தால், கழிவைப் பிரிக்கத் தெரிந்த ஆட்களாக வர வேண்டும். பரிதாபப்படுவதற்கு என்று கொண்டுவந்து நிறுத்தக் கூடாது.

சட்டமும் கற்பனையைத் துரத்திக்கொண்டுதான் வருகிறது. கையடக்கச் சாதனங்களின் பேட்டரியைப் பயன்படுத்துபவரே கழற்றி மாற்ற முடிய வேண்டும் என்கிறது ஐரோப்பிய ஒன்றியம். சில விலக்குகளோடு 2027 பிப்ரவரியில் அது நடைமுறைக்கு வருகிறது. என் பொறியாளருக்குப் பாதி வேலை மிச்சம்.

சரி, சாதனத்தைச் செய்த கம்பெனியையே மூடிவிட்டால், அது யார் வாசலுக்குப் போகும்? மூன்று நாளாகக் கதை அங்கேயே நிற்கிறது. உப்பிய போனை மட்டும் இழுப்பறையிலிருந்து எடுத்து, எரியக்கூடிய எதுவும் பக்கத்தில் இல்லாத இடமாகப் பார்த்து வைத்திருக்கிறேன்.